'ஏழே நாளில் பளிச்' க்ரீம் ஏன் ஆபத்து? மலையேறி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஐந்து நிமிடத்தில் என்ன போதும்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து வாழவந்தி போன்ற மலைக் கிராமங்களுக்கு இன்னும் கொஞ்சம் தூரம். சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்த ஊர்களில் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சுகாதார நிலையம், வங்கி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஓடுவதில் பெரிய பங்கு 40 வயதைத் தாண்டிய பெண்களுடையது. தினமும் மலையேறி இறங்குகிறவர்கள் உண்டு. மலையிலேயே குடியிருந்து வீடு வீடாக நடப்பவர்களும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்களுக்கு நடைதான் வேலையே.

இவர்களில் பெரும்பாலோருக்குக் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கக் கிடைப்பது ஐந்து நிமிடம். சமையல் முடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். 'டைம் இல்லாத பெண்களுக்காக' என்று ஒரு பெரிய சந்தை உருவாகியிருப்பது இந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இரண்டு நிமிட மேக்கப், ஐந்து நிமிட க்ளோ, ஏழு நாளில் மங்கு மறையும் க்ரீம் என வரிசையாக வருகின்றன.

பூசுவதற்கு எடுக்கும் நேரமும் பலன் தெரிய ஆகும் நேரமும் வேறுவேறு. இந்தக் குழப்பத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. முகத்தைக் கவனிக்கும் வேலை ஐந்து நிமிடத்தில் முடியலாம். அதில் தப்பே இல்லை. ஆனால், நிறமே மாறும் அளவுக்கு ஏழு நாளில் பலன் தெரிந்தால் அந்த ட்யூபில் இருப்பது என்ன என்று சந்தேகப்பட வேண்டும். கேரளத்தில் க்ரீம் பூசியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பாதரசம் கலந்த அழகுப் பொருள்களுக்கு உலக நாடுகள் 2025-ஐக் கெடுவாக வைத்தது, ஜி.எஸ்.டி மாற்றத்தில் பவுடர் விலை குறைந்தும் சன்ஸ்கிரீன் விலை குறையாதது என அண்மை ஆண்டுகளின் மூன்று செய்திகள் இந்தக் கைப்பையோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மலைக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்?

"இங்கதான் குளிருதே, வெயில் எங்க இருக்கு?" ஏற்காட்டில் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. தோலைக் கருக்க வைப்பதும் சுருங்க வைப்பதும் இரண்டாவதுதான். அது உடம்பில் படும்போது சூடாகத் தெரியாது.

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் மேலே போகும்போதும் புற ஊதாக் கதிரின் அளவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, ஒரு மணி நேரப் பயணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் கதிர் விழும் இடத்துக்குப் போய்விடுகிறோம். மூட்டமாக இருக்கிறதே என்றும் நிம்மதி அடைய முடியாது. மெல்லிய மேகத்தை ஊடுருவிப் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இன்னொரு கணக்கு. சாதாரணக் கண்ணாடி, தோலைச் சிவக்க வைக்கும் யு.வி-பி கதிர்களைப் பெருமளவு தடுக்கும். தோலின் ஆழம் வரை போய்ச் சுருக்கத்தையும் கருமையையும் உண்டாக்கும் யு.வி-ஏ கதிர்களில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் முகம் அது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது. வலது கன்னத்தில் அந்த அளவு பாதிப்பு இல்லை. ஒரே ஆள், ஒரே வயது, வெயில் பட்ட பக்கம் மட்டும் மூத்துப்போயிருந்தது. கண்ணாடி இருந்தே இப்படி. நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் திறந்தே இருக்கும்.

ஒரு ஆறுதல் உண்டு. ஒரு நாளில் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 60 சதவீதம் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் விழுகிறது. காலை 7 மணி பஸ்ஸில் ஆபத்து குறைவு. பள்ளி மைதானத்தில் நிற்பதும், வீடு வீடாகப் போவதும், மதியம் ஃபீல்டு விசிட் செல்வதும்தான் முக்கியம். கிளம்பும்போது பூசியதை மறுபடி பூச வேண்டிய நேரமும் அதுதான்.

நாற்பதுக்கு மேல் என்ன மாறுகிறது?

மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கும். தோலில் எண்ணெய்ப் பசையும் ஈரமும் குறையும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைவதாக அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொல்கிறது. தோலின் மேல்பகுதி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இளம் வயதில் சுமார் நான்கு வாரம் போதும். வயதாக ஆக அந்தக் காலமும் நீளும். எந்த க்ரீமின் பலனும் 25 வயதில் தெரிகிற வேகத்தில் 45-ல் தெரியாது.

இந்த வயதில் அதிகம் வாட்டும் பிரச்சினை மங்கு. இரண்டு கன்னம், நெற்றி, மேலுதடு என்று பழுப்புத் திட்டாகப் படர்வது. ஹார்மோன், பரம்பரை, வெயில் மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது. நம்முடையதைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மங்கைக் கூட்டும். அதனால்தான் லேசான தோல் நிறம் கலந்த, அயர்ன் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனை மங்கு இருப்பவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

மங்கு ஒரு நோய்த்தொற்று இல்லை, அழுக்கும் இல்லை. தேய்த்தால் போகாது. மாதக்கணக்கில் மெல்ல மங்கும், வெயில் பட்டால் திரும்ப வரும். மருத்துவர் இதைச் சொல்லும்போது கேட்க யாருக்கும் பிடிப்பதில்லை. "ஒரு வாரத்துல போயிடும்" என்று சொல்கிற கடைக்காரர் வியாபாரத்தை முடித்துவிடுகிறார்.

'ஏழு நாள் பலன்' எப்படி வருகிறது?

பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று பாதரசம்.

முதலில் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை அரிப்பு, எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு அருமையான மருந்துகள். மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரைக்கும் பூச வேண்டும். இவற்றைத் தினமும் முகத்தில் பூசினால் ரத்த நாளங்கள் சுருங்கி முகம் உடனே வெளுத்தது போலத் தெரியும். பரு அடங்கும், தோல் பளபளக்கும். "சூப்பரா வேலை செய்யுதுப்பா" என்று பக்கத்து வீட்டுக்கும் ட்யூபின் பெயர் போய்விடும்.

சில மாதங்களில் தோல் மெலிந்து, நுண்ணிய ரத்த நாளங்கள் சிவப்பு நூல் போலத் தெரியும். பரு வெடிக்கும், மீசை தாடி போல முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலை அடக்க மறுபடி அதே க்ரீமைப் பூசத் தோன்றும். முகம் அந்த ட்யூபுக்கு அடிமையாகிவிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமை மங்குக்கு மருத்துவர்கள் சில வாரங்களுக்கு எழுதித் தருவதுண்டு. அதே பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் பூசுவதுதான் பிரச்சினை.

அடுத்தது பாதரசம். மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் நொதியை அது முடக்குகிறது. அதனால்தான் நிறம் வேகமாக வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போன பாதரசம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்கும்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை என்று காட்டியது கேரளத்தின் மலப்புரம் மாவட்டம். கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி சேதமடைந்து, உடம்பின் புரதம் சிறுநீரில் வெளியேறும் நோய் இது. அவர்களில் 15 பேருக்கு, அரிதாகக் காணப்படும் 'நெல்-1' வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியவர்கள். ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயில் உறைவே ஏற்பட்டது. 'கிட்னி இன்டர்நேஷனல்' ஆய்விதழ் 2024-ல் இதை வெளியிட்டது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குக் குணமானது என்பதுதான் இதில் நல்ல செய்தி.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தி, முறையான அனுமதி இல்லாத அழகுப் பொருள்களைக் கைப்பற்றியது. மலப்புரம் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. அங்கே விற்ற மாதிரியான க்ரீம்கள் ஆன்லைனில் எந்தப் பின்கோடுக்கும் வரும். பாதரச ஒழிப்புக்காக இயங்கும் 'ஜீரோ மெர்க்குரி ஒர்க்கிங் குரூப்' கூட்டமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 17 நாடுகளில் ஆன்லைனில் வாங்கிச் சோதித்த 271 வெளுப்பாக்கும் க்ரீம்களில் 129-ல் அனுமதித்த அளவை விட அதிகமாகப் பாதரசம் இருந்தது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இருக்கிறது. 2020-ன் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, சாதாரண க்ரீம்களில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களில் மட்டும் பதப்படுத்தியாக 70 பங்கு வரை அனுமதி. வேண்டுமென்றே பாதரசம் சேர்த்து வெளுப்பு க்ரீம் செய்ய இந்தியாவில் இடமில்லை.

உலக அளவில் இதற்கு வழிகாட்டுவது மினமாட்டா உடன்படிக்கை. ஜப்பானில் பாதரசக் கழிவால் மக்கள் நோயுற்ற ஊரின் பெயர் அது. இந்தியா 2018-ல் இதை உறுதி செய்தது. 2023-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற விதிவிலக்கையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த எல்லா அழகுப் பொருள்களையும் 2025-க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்தன.

ஸ்டீராய்டுக்கும் சட்டம் உண்டு. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. அழகு விளம்பரங்களைக் கட்டுப்படுத்த, 1954-ன் மாயமருந்து விளம்பரச் சட்டத்தில் சிவப்பழகு வாக்குறுதிகளையும் சேர்த்து 2020-ல் ஒரு திருத்த வரைவு வெளியானது. அதே ஆண்டு, 1975-லிருந்து விற்ற பிரபலமான ஒரு க்ரீம் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது.

ஓட்டை எங்கே என்றால், கவுன்டரில். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் சீட்டு இல்லாமலே ட்யூப் கிடைப்பது நம் ஊர்களில் புதிதில்லை. பேர் எழுதாத டப்பாவில் 'ஸ்பெஷல் க்ரீம்' தரும் பார்லர்களும், வாட்ஸ்ஆப் குரூப்பில் விற்கும் ரீசெல்லர்களும் எந்தச் சோதனை வளையத்திலும் எளிதில் வருவதில்லை. மலைக் கிராமத்தில் இருப்பவருக்குத் தோல் மருத்துவரைப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் சேலத்துக்கு இறங்க வேண்டும். அரை நாள் லீவு, பஸ், வரிசை. க்ரீம் வாங்க இரண்டு நிமிடம் போதும். நேரம் இல்லாதவருக்கு எது நடக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை.

பவுடருக்கு 5, சன்ஸ்கிரீனுக்கு 18

2025 செப்டம்பர் 3-ல் கூடிய ஜி.எஸ்.டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியது. செப்டம்பர் 22 முதல் தலைக்கு எண்ணெய், ஷாம்பு, டூத்பேஸ்ட், டால்கம் பவுடர், ஃபேஸ் பவுடர் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பியூட்டி பார்லர் சேவைக்கும் 5 சதவீதம். குடைக்கும் 12-லிருந்து 5. அன்றாடம் எல்லோரும் பயன்படுத்தும் பொருள்கள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. வரியின் கண்ணில் முகப் பவுடர் அத்தியாவசியம், சன்ஸ்கிரீன் அலங்காரம்.

ரூபாயில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு 50 கிராம் ட்யூபின் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 61 ரூபாய் வரி. 5 சதவீதமாக இருந்தால் அதே ட்யூப் 356 ரூபாய்க்குக் கிடைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்குச் சுமார் ஒன்றேகால் கிராம் தேவை. தினமும் ஒரு தடவை பூசினாலே 40 நாளில் ட்யூப் காலி. மதியமும் பூசினால் 20 நாள். அதாவது மாதம் 600 ரூபாய். ஒரு அங்கன்வாடிப் பணியாளரின் வீட்டு பட்ஜெட்டில் அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் பலரும் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்க்கிறார்கள். அந்த அளவில் பூசினால் ட்யூபில் எழுதியிருக்கும் எண்ணில் சிறு பங்கு பாதுகாப்புதான் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவில் எஸ்.பி.எஃப் 15 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. அங்கே அது மருந்து போலக் கட்டுப்படுத்தப்படுகிறது. அங்கே தோல் புற்றுநோய் மிக அதிகம், இங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. 2025 ஜூனில் 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்த 20 சன்ஸ்கிரீன்களில் 16, லேபிளில் சொன்ன எஸ்.பி.எஃப் அளவை எட்டவில்லை. எஸ்.பி.எஃப் 50+ என்று எழுதிய ஒன்றில் கிடைத்தது வெறும் 4. இந்தியாவில் சன்ஸ்கிரீன் ஒரு சாதாரண அழகுசாதனப் பொருளாகவே கருதப்படுகிறது. நம் ஊரில் யார் சோதிப்பது என்ற கேள்வியும் வரியோடு சேர்ந்தே எழ வேண்டும்.

சரி, ஐந்து நிமிடத்தில் என்ன செய்யலாம்?

காலையில் மூன்று வேலை போதும்.

முதல் நிமிடம்: மென்மையான ஃபேஸ்வாஷ் அல்லது வெறும் தண்ணீர். தோல் வறண்டிருந்தால் காலையில் சோப்பே வேண்டாம். மலையில் குளிருக்காக ரொம்பச் சூடான தண்ணீரை முகத்தில் ஊற்றுவது இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும்.

இரண்டாவது நிமிடம்: முகத்தில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். கிளிசரின், செராமைடு உள்ள சாதாரண ட்யூப் போதும். விலை உயர்ந்த ஜாடியில்தான் வேலை நடக்கும் என்றில்லை.

மூன்றாவது, நான்காவது நிமிடம்: சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டால் வரும் அளவு. எஸ்.பி.எஃப் 30 என்பது யு.வி-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான். எண்ணைத் துரத்துவதை விட அளவும் மறுபடி பூசுவதும் முக்கியம். யு.வி-ஏ பாதுகாப்புக்கு பி.ஏ+++ குறி இருக்கிறதா பாருங்கள். காது, கழுத்தின் பின்புறம், புறங்கை மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மங்கு இருந்தால் நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதுவே ஃபவுண்டேஷன் வேலையையும் பார்த்துவிடும், ஒரு படி மிச்சம்.

ஐந்தாவது நிமிடம் உங்களுக்கு. பொட்டு, மை, லிப் பாம் எது பிடிக்கிறதோ அது. பிடிக்காவிட்டால் அந்த நிமிடத்தில் காபி குடிக்கலாம்.

கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: சின்ன சன்ஸ்கிரீன் ட்யூப், லிப் பாம், கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், குடை. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். முடியாவிட்டால் மதியம் வெளியே கிளம்புவதற்கு முன் ஒருமுறையாவது.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி மாய்ஸ்சரைசர் பூசினால் முடிந்தது. ரெட்டினால் போன்றவை பலன் தரும். ஆனால் மெதுவாகத் தொடங்க வேண்டும், பலன் தெரிய சில மாதம் ஆகும். முதல் முறை என்றால் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

காசே செலவாகாத வழியும் இருக்கிறது. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. நெருக்கமான நெசவுத் துணியைப் போல நாள் முழுக்கத் தாங்கும் சன்ஸ்கிரீன் எதுவும் இல்லை. வியர்வையில் கரையாது, மறுபடி பூச வேண்டியதும் இல்லை.

வீட்டு வைத்தியம் ஓகேயா?

எல்லாம் ஓகே இல்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிவிட்டு வெயிலில் போனால், அதிலுள்ள வேதிப்பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். கொப்புளம் வந்து, ஆறினாலும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். மங்கு போகப் பூசியது மங்கைக் கூட்டும். பல் துலக்கும் பேஸ்ட், பேக்கிங் சோடா இரண்டும் முகத்துக்கு ஆகாது. கடலை மாவு, பயத்த மாவு பரவாயில்லை, அழுத்தித் தேய்க்காத வரை.

அவசரத்துக்கு உதவும் இன்னும் இரண்டு பொருள்களிலும் கவனம் வேண்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டை உண்டாக்கும். அரிப்போ நிற மாற்றமோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். தலைக்கு அடிக்கும் டையில் உள்ள பி.பி.டி பலருக்கு ஒவ்வாமை தரும். எத்தனை வருடம் போட்டிருந்தாலும் புதிதாக ஒவ்வாமை வரலாம். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுவதே சரி. கறுப்பாகப் பிடிக்கும் 'இன்ஸ்டன்ட்' மருதாணியிலும் இதே ஆபத்து உண்டு.

க்ரீமை எப்படிச் சோதிப்பது?

உற்பத்தியாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் வேண்டும். இவை இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

மெர்க்குரி, கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு ஆகிய பெயர்கள் பாதரசத்தைக் குறிக்கும். 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். பெயர் 'சோன்' அல்லது 'சால்' என்று முடியும் பூச்சு மருந்தாக இருந்தால் ஸ்டீராய்டா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். எதுவுமே எழுதாமல் வேகமாக வெளுக்க வைத்தால் அதுதான் பெரிய எச்சரிக்கை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்து போக வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. பாதரசம் என்று சந்தேகம் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ட்யூபோடு போங்கள். சிறுநீர் நுரைத்துப் போவது, காலும் முகமும் வீங்குவது ஆகியவை சிறுநீரகத்தின் அறிகுறிகள். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே புரதம் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு என்றால், நிறுத்தும்போது முகம் எரியக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவது நல்லது.

யார் என்ன செய்ய வேண்டும்?

வேலைக்குப் போகும் பெண் 'ஃப்ரெஷ்ஷாக' இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அலுவலகத்தில் இருக்கிறது. அதே வயது ஆண் ஊழியரின் நரையும் வெயிலில் கறுத்த முகமும் அனுபவத்தின் அடையாளமாகப் பார்க்கப்படுகின்றன. "என்ன மேடம், டல்லா இருக்கீங்க?" என்று அவரை யாரும் கேட்பதில்லை. சிவப்பழகு க்ரீமுக்கு மார்க்கெட்டை உண்டாக்குவதில் இந்த மாதிரிக் கேள்விகளுக்கும் பங்கு இருக்கிறது.

அரசு செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. பவுடர் இருக்கும் 5 சதவீத வரிசையில் சன்ஸ்கிரீனையும் சேர்ப்பது, லேபிளில் சொன்ன எஸ்.பி.எஃப் உண்மையா என்று சோதித்து வெளியிடுவது, சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதைத் தடுப்பது. ஏற்காடு போன்ற மலை ஒன்றியங்களில் மாதம் ஒருமுறை தோல் மருத்துவர் வந்து போகும் முகாம் நடந்தால், அரை நாள் லீவு போட முடியாத பெண்களுக்கு அதுவே பெரிய உதவி. ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் "என்ன க்ரீம் பூசுறீங்க?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டாலே சிறுநீரகப் பாதிப்பு சிலவற்றை முன்கூட்டிப் பிடிக்கலாம்.

இந்தக் கட்டுரையை மொபைலில் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஆன்லைனில் க்ரீம் ஆர்டர் போடுவது பெரும்பாலும் நீங்கள்தான். இன்று வீட்டிலிருக்கும் ட்யூபை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தாக இருந்தால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.